உப்பில் வாழ ஆகும் செலவு

கடலோரச் சேற்றில் ஒரு செடி பச்சைப் பசேலென்று நின்றால், அதற்கு உப்பு பிடித்துப்போயிருக்கிறது என்றுதான் பார்ப்பவர்கள் முடிவு கட்டுவார்கள். ‘உப்பை விரும்பும் தாவரங்கள்’ என்று எழுதும் புத்தகங்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. நான் இங்கே சொல்லப்போகும் செடிக்கு உப்பு ஒரு தொல்லை. உள்ளே கட்டுமீறி நுழைந்தால் செல்லின் வேலை கெடும். மொத்தமாகத் தடுத்துவிட்டால் தண்ணீரும் வராது. இந்த இக்கட்டில் தினமும் எதையாவது கொடுத்துத்தான் அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எதைக் கொடுக்கிறது, அதற்கான கையிருப்பு எங்கிருந்து வருகிறது என்று படிக்க ஆரம்பித்த பிறகு, உவர் சதுப்பில் நிற்கும் எதையும் ‘ஏதோ புல்’ என்று சொல்லிவிட்டு நகர என்னால் முடிவதில்லை.

செடியின் பெயர் டிரைகுளோக்கின் மரிட்டிமா. 1753இல் லின்னேயஸ் வைத்தது. ஆங்கிலம் பேசுபவர்கள் ஆரோகிராஸ் என்கிறார்கள். வசதிக்காக நான் அம்புப்புல் என்று எழுதுகிறேன். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா என்று பூமியின் வடபாதி முழுக்க இது பரவியிருக்கிறது. ஓதம் ஏறி இறங்கும் கழிமுகச் சதுப்புகள்தான் முக்கியமான இருப்பிடம். ஆனால் கடல் வாடையே படாத உள்நாட்டு உவர் ஏரிக்கரைகளிலும், திபெத் போன்ற உயர்ந்த பீடபூமிகளின் ஈரநிலங்களிலும்கூட வளர்கிறது.

பார்க்கப் புல் மாதிரி இருக்கிறதே தவிர, புல் குடும்பத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. கோரையும் இல்லை. அலிஸ்மட்டேல்ஸ் என்ற வரிசையில், ஜங்கஜினேசி என்ற சின்னக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த வரிசையில் பெரும்பாலும் நீர்ச்செடிகள். கடலுக்கு அடியிலேயே முழு வாழ்க்கையையும் நடத்தும் கடற்புற்களும் அதே வரிசைதான். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். ஒரு பெரிய குடும்பத்தில் சிலர் கடலுக்குள்ளேயே இறங்கிப் போய்விட்டார்கள், சிலர் குளத்தோடு நின்றுவிட்டார்கள், அம்புப்புல் இரண்டுக்கும் நடுவே, நாளில் சில மணி நேரம் மூழ்கியும் மீதி நேரம் காற்றிலும் நிற்கிறது.

தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. முழங்காலைச் சேற்றில் ஊன்றிக் குனிய வேண்டும். இலைகள் எல்லாமே அடியிலிருந்தே கிளம்புகின்றன. ஒன்றை விரலால் உருட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் படும். புல்லின் இலை ஓலை மாதிரி மெல்லியது. இது சதைப்பற்றோடு இருக்கும். நகத்தால் கிள்ளிக் குறுக்கே ஒடித்து லென்ஸில் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, காற்றறைகள் நிறைந்திருப்பது தெரியும். அடிப்பகுதி வெளுத்து, மெல்லிய சவ்வுறைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருக்கும். உறை முடிந்து இலை விரியும் இடத்தில் சின்னதாக ஒரு நாக்கு. இந்த நாக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் உயிர் போகும் விஷயத்தில் அது பயன்படும்.

பூந்தண்டு தனியாக, இலையோ கணுவோ இல்லாமல் நேரே எழும்புகிறது. அதன் மேல்பாதி முழுக்கப் பச்சை மணிகள். அவ்வளவும் பூக்கள். ஒவ்வொன்றிலும் ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள், ஆறு சூலறை. முதலில் பெண்பகுதிதான் தயாராகிறது: தூரிகை போன்ற சூல்முடிகள் வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் வரும் மகரந்தத்துக்காக நிற்கும். அவை வாடிய பிறகே அந்தப் பூவின் மகரந்தப்பை வெடிக்கிறது. தன் மகரந்தம் தன்மீதே விழுவதற்கான வாய்ப்பை இப்படிக் குறைத்துக்கொள்கிறது. வெடித்துக் கொட்டும் மகரந்தம் நேரே தரையில் விழுந்து வீணாவதும் இல்லை. கிண்ணம் போல் குழிந்த இதழ்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. அடுத்த காற்று வந்து அள்ளிக்கொண்டு போகும். வண்டுகளை அழைக்க நிறமும் தேனும் செலவழிக்காத பூவில் இத்தனை நுட்பம்.

சரி, உப்புக்கு வருவோம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. இது செடிகளுக்கு எவ்வளவு பெரிய தடை என்பதற்கு நெல்லை வைத்துப் பார்க்கலாம். மண்ணிலுள்ள உப்பை மின்கடத்துதிறனாக அளப்பார்கள். மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் தாண்டினாலே நெல்லின் மகசூல் குறைய ஆரம்பிக்கும். கடல்நீரில் அந்த அளவு 50ஐ ஒட்டி இருக்கிறது. வேரைச் சுற்றி அடர்ந்த உப்புக்கரைசல் இருக்கும்போது தண்ணீர் வேருக்குள் வராது. மாறாக, வேரில் இருக்கும் தண்ணீரும் வெளியே போகப் பார்க்கும். ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான இழுவை அது. தண்ணீர் நடுவிலேயே நின்றுகொண்டு செடி தாகத்தில் சாகும்.

தப்பிக்க ஒரே வழி, செடியின் உள்ளே இருக்கும் கரைசலை வெளியே இருப்பதைவிட அடர்த்தியாக்குவது. எதைக் கரைத்து அடர்த்தியாக்குவது? சுற்றிலும் இலவசமாகக் கிடைப்பது உப்பு. அதையே உள்ளே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எடுத்துக்கொள்கிறது. ஆனால் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஃபிளவர்ஸ், ட்ரோக், இயோ என்ற மூன்று ஆய்வாளர்கள் 1977இல் ஒரு விரிவான மீள்பார்வைக் கட்டுரை எழுதினார்கள். உவர்நிலச் செடிகளின் நொதிகளைப் பிரித்தெடுத்துச் சோதனைக் குழாயில் உப்பு சேர்த்துப் பார்த்த ஆய்வுகளை அதில் தொகுத்திருந்தார்கள். சாதாரணப் பயிர்களின் நொதிகள் எந்த அளவு உப்பில் தடுமாறினவோ, கிட்டத்தட்ட அதே அளவில்தான் இவையும் தடுமாறின. கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் அந்த நொதிகள் உப்புக்குப் பழகவில்லை. ‘உப்பை விரும்பும்’ என்ற சொல்லை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இது.

ஆகவே செடி உப்பை எடுத்து ஒதுக்குப்புறமாக அடைக்கிறது. தாவர செல்லின் நடுவில் வாக்குவோல் என்றொரு பெரிய பை இருக்கிறது. செல்லின் இடத்தில் பெரும்பகுதி அதுதான். சோடியத்தை அதற்குள் தள்ளிப் பூட்டிவிட்டால், நொதிகள் வேலை செய்யும் சைட்டோபிளாசம் தப்பிக்கும். தள்ளுவதற்குப் பையின் சவ்வில் பம்புகள் இருக்கின்றன. பம்பு என்றால் ஆற்றல் செலவு. பூட்டிய சோடியம் மெல்லக் கசிந்து திரும்ப வரும், அதை மறுபடி தள்ள வேண்டும். படகில் ஓட்டை இருக்கும்வரை தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது போல, செடி உயிரோடிருக்கும்வரை இது ஓயாது.

அப்புறம் இன்னொரு செலவு இருக்கிறது, அது இதைவிடப் பெரியது. வாக்குவோலில் உப்பை நிறைத்தால் அது பக்கத்திலுள்ள சைட்டோபிளாசத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சும். அதைச் சமன்செய்ய சைட்டோபிளாசத்திலும் எதையாவது கரைத்து வைத்தாக வேண்டும். அது நொதிகளைத் தொந்தரவு செய்யாத பொருளாக இருக்க வேண்டும். அம்புப்புல் இதற்குத் தேர்ந்தெடுத்தது புரோலின் என்ற அமினோ அமிலம். ஸ்டூவர்ட், லீ ஆகிய இருவர் 1974இல் வெளியிட்ட ஆய்வு, உவர்நிலச் செடிகளும் புரோலினும் என்ற விஷயத்தில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது. அம்புப்புல்லின் தண்டு, இலைகளின் உலர் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை புரோலினாகவே இருக்கலாம் என்று அவர்கள் கண்டார்கள்.

இந்த எண்ணை முதலில் படித்தபோது நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உடம்பில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் ஐந்தில் ஒரு பங்கு, உப்பைச் சமாளிப்பதற்கென்றே! அதுவும் எந்தப் பொருளில்? புரோலினில் நைட்ரஜன் இருக்கிறது. உவர் சதுப்பின் செடிகளுக்குப் பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பதே நைட்ரஜன்தான். புரதம் செய்ய, பச்சையம் செய்ய, விதை செய்ய என்று எல்லாவற்றுக்கும் வேண்டிய சரக்கு. கைக்கு எட்டுவதிலேயே அரிதான ஒன்றை எடுத்து, உப்போடு ஈடுகட்டுவதற்காக இலையில் நிறைத்து வைத்திருக்கிறது இந்தச் செடி.

பக்கத்து வீட்டுக்காரரின் வழி வேறு. அதே சதுப்பில், பெரும்பாலும் அம்புப்புல்லோடு தோளுரசிக்கொண்டு, பிளான்டேகோ மரிட்டிமா என்ற கடலோர வாழைப்பூண்டு வளர்கிறது. அதற்கும் நீண்ட, சதைப்பற்றுள்ள இலை. பூக்காத காலத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போலிருக்கும். ஆனால் அது சைட்டோபிளாசத்தில் நிரப்புவது சார்பிட்டால். சர்க்கரை வகையைச் சேர்ந்த ஆல்கஹால், அதில் நைட்ரஜன் கிடையாது. வெயிலும் தண்ணீரும் காற்றும் இருந்தால் போதும், காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்தே செய்துகொள்ளலாம். ஒரே சேறு, ஒரே உப்பு, ஒரே தோற்றம். உள்ளே இரண்டு வேறு கணக்குகள்.

வேறு செடிகள் வேறு மாதிரிச் சமாளிக்கின்றன. ஸ்பார்ட்டினா என்ற சதுப்புப் புல்லின் இலையில் உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. வெயில் நேரத்தில் இலைமேல் உப்புப் படிகம் மின்னும். நெல்லின் காட்டு உறவான ஒரைசா கோஆர்க்டேட்டா இலையிலுள்ள நுண்மயிர்கள் வழியாக உப்பை வெளியேற்றுகிறது. அலையாத்தி மரங்களில் பல, வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டிவிடும். அம்புப்புல்லிடம் அந்த மாதிரிச் சுரப்பிகள் இல்லை. அடைத்து வைப்பதும் ஈடுகட்டுவதும்தான் அதன் வழி.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நல்ல தண்ணீரில் அம்புப்புல் விதை நன்றாகவே முளைக்கிறது, சொல்லப்போனால் உப்பு கூடக்கூட முளைப்பு குறைகிறது. புல், கோரை, அம்புப்புல் போன்ற ஒருவித்திலை உவர்ச்செடிகள் பொதுவாக உப்பில்லாத, அல்லது கொஞ்சமே உப்புள்ள நீரில்தான் செழிப்பாக வளர்கின்றன. (இருவித்திலைகளில் உமரி போன்ற சில செடிகள் மிதமான உப்பு இருந்தால் உண்மையிலேயே கூடுதலாக வளரும். அவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) ஆக, நல்ல மண் கசந்து அவை கடலோரத்துக்கு வந்துவிடவில்லை. நல்ல மண்ணில் உயரமாக, வேகமாக வளரும் செடிகள் ஏற்கெனவே இடத்தைப் பிடித்துக்கொண்டு நிழல் போட்டுவிடுகின்றன. உப்புச் சேற்றுக்குள் அவை வர முடியாது. அங்கே வாழத் தெரிந்தவர்களுக்கு அந்த இடம் கிடைக்கிறது. சதுப்பில் ஒவ்வொரு செடிக்கும் கடல் பக்கத்து எல்லையைப் பெரும்பாலும் உப்பும் வெள்ளமும் போடுகின்றன, நிலத்துப் பக்கத்து எல்லையைப் போட்டியாளர்கள் போடுகிறார்கள். செலவு அதிகமான இடம், ஆனால் வெயில் முழுசாகக் கிடைக்கும்.

உப்பு மட்டும்தான் அங்கே எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. ஊறிய சேற்றில் காற்று இல்லை. மேலே ஒரு மெல்லிய பழுப்புப் படலத்தைக் கீறிவிட்டால் அடியில் கன்னங்கரேலென்று இருக்கும், அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்ஃபேட்டைப் பயன்படுத்துவதால் உண்டாவது, வேருக்கு நஞ்சு. இலைக்குள் பார்த்த அந்தக் காற்றறைகள் இங்கேதான் கை கொடுக்கின்றன. மேலிருந்து காற்று அந்த வழியாகவே வேருக்கு இறங்குகிறது.

அது போதாதென்று அம்புப்புல் தனக்கென்று ஒரு மேடும் கட்டிக்கொள்கிறது. தடித்த அடித்தண்டும் வேர்களும் வருடக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, குத்துக்குத்தாக நிலம் உயர்கிறது. குத்து பெரிதாகும்போது நடுவிலுள்ள பழைய பகுதி செத்து, ஓரத்தில் மட்டும் உயிருள்ள வளையம் மிஞ்சுவதும் உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கே, நியூ இங்கிலாந்து சதுப்புகளில் நீர் தேங்கி நிற்கும் பள்ளங்களில் இந்த வளையங்களை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியானது. வளையத்தின் மேல் நீர் வடிகிறது, மண்ணில் காற்றோட்டம் கூடுகிறது, பள்ளத்தில் திணறும் மற்ற செடிகள் அந்த மேட்டில் ஏறி வாழ்கின்றன என்று அதில் காட்டியிருந்தார்கள். ஒரு சாண் உயரம்கூடத் தேவையில்லை. தட்டையான சதுப்பில் சில விரற்கடை ஏறினாலே உலகம் மாறிவிடுகிறது. தன் பிழைப்புக்காகக் கட்டிய திண்ணையில் வேறு பலருக்கும் இடம் கிடைக்கிறது.

இப்போது நஞ்சு. அம்புப்புல்லின் பச்சை இலையில் டிரைகுளோக்கினின், டாக்ஸிஃபில்லின் என்று இரண்டு பொருட்கள் இருக்கின்றன. தனியாக இருக்கும்வரை தீங்கில்லை. இலையை மென்றாலோ கசக்கினாலோ, வேறு அறையில் இருந்த நொதி அவற்றோடு கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். மூங்கில் குருத்தில் இருப்பதும் இதே டாக்ஸிஃபில்லின்தான். வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்து மாடு சாவது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதிலுள்ள டியூரின் இதற்கு மிக நெருங்கிய சொந்தம். வட அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் ஆடு மாடுகளைக் கொன்ற செடிகளின் வரிசையில் அம்புப்புல்லுக்கு இடம் உண்டு. நிலம் காயும்போதும், இளம் தளிர் ஓடும்போதும் ஆபத்து அதிகம்.

இந்தப் பொருட்களிலும் நைட்ரஜன் இருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பஞ்சமான சேற்றில் நைட்ரஜனைத் தேடிச் சேர்த்து, அதில் ஒரு பங்கை உப்புக்கு ஈடாக வைத்து, இன்னொரு பங்கை நஞ்சாக மாற்றி அதே இலையில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது. சேர்த்து வைத்ததைக் காக்கத்தான் நஞ்சு என்று நினைக்கவே எனக்குத் தோன்றுகிறது. என் ஊகம்தான், ஆனால் சத்து நிறைந்த இலையை யாரும் காவலில்லாமல் வெயிலில் பரப்பி வைக்க மாட்டார்கள். அந்தக் காவலையும் மீறி மேய்பவை உண்டு. ஐரோப்பாவின் வாடன் கடலோரச் சதுப்புகளில் வலசை வாத்துகள் வசந்தத்தில் வடக்கே கிளம்புவதற்கு முன் கொழுப்புச் சேர்க்க மேய்கிற செடிகளில் அம்புப்புல்லும் ஒன்று.

மனிதர்களும் இதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரப் பழங்குடிகள் வசந்தத்தில் இலையின் வெள்ளை அடிப்பகுதியை மட்டும் பிரித்து எடுத்து உண்டார்கள். பச்சைப் பகுதியைத் தொடுவதில்லை. எப்போது, எந்த அளவு, எந்தப் பகுதி என்பது தலைமுறைகளாகக் கைமாறிய அறிவு. இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிப்போய்ப் பறித்து வாயில் போட வேண்டாம். அலாஸ்கா போன்ற இடங்களில் கடலோர வாழைப்பூண்டைக் கீரையாகப் பறிக்கும் வழக்கம் இருக்கிறது. அதனோடு அம்புப்புல் கலந்துவிடக் கூடாது என்று அங்கே அழுத்தமாக எச்சரிப்பார்கள். வித்தியாசம் தெரிய, நான் முன்பு சொன்ன நாக்கைப் பாருங்கள். அம்புப்புல்லில் உறையும் நாக்கும் இருக்கும், இலை அரைவட்டமாக இருக்கும். வாழைப்பூண்டில் நாக்கு கிடையாது, இலை தட்டையாகவோ லேசாகக் குழிந்தோ, நீளவாக்கில் நரம்போடியிருக்கும். இரண்டையும் ஒரு கையகல நிலத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவசரக் கை எவ்வளவு எளிதாகக் கலந்துவிடும் என்று.

இவ்வளவையும் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடல்மட்டம் ஏறுகிறது. பல நாடுகளில் பழைய கடற்சுவரை வேண்டுமென்றே உடைத்து, ஒரு காலத்தில் விளைநிலமாக்கிய இடத்தைத் திரும்பவும் ஓதத்துக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் டோல்ஸ்பரியில் 1995இல் அப்படி ஒரு சுவரை உடைத்தார்கள். நல்ல காரியம். சதுப்பு அலையின் வேகத்தைக் குறைக்கும், கார்பனைச் சேற்றில் புதைத்து வைக்கும். சில வருடங்களிலேயே புது நிலம் பச்சையாகிவிடும். அறிக்கையில் வெற்றி என்று எழுதிவிடலாம்.

ஆனால் பிரிட்டனில் இப்படி மீட்ட இடங்களை இயற்கையான சதுப்புகளோடு ஒப்பிட்டு 2012இல் மாஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. சீக்கிரம் வருகிற செடிகள் சீக்கிரம் வந்துவிட்டன. அம்புப்புல், கடலோர வாழைப்பூண்டு, லிமோனியம், ஆர்மீரியா போன்ற பல்லாண்டுச் செடிகள் மட்டும் அரிதாகவே இருந்தன. இயற்கையான சதுப்பின் தாவரக் கூட்டம் அங்கே உருவாகவில்லை. புது நிலத்தின் மண்ணில் காற்றோட்டம் குறைவு என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. உழுது சமப்படுத்திய வயலாக இருந்ததால் மேடு பள்ளமும் குறைவு.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. காற்றோட்டமுள்ள சிறு மேடுகள் இருந்தால் அம்புப்புல் வேர்பிடிக்கும். அந்த மேடுகளைக் கட்டுகிறவர்களில் அம்புப்புல்லும் ஒருவர். அது வராமல் மேடு இல்லை, மேடு இல்லாமல் அது வரத் தயங்குகிறது. காத்திருந்தால் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுவரை உடைப்பதற்கு முன்பே நிலத்தைக் கரடுமுரடாக்கி, சில விரற்கடை உயர மேடுகளை ஆங்காங்கே விட்டு, அம்புப்புல்லையும் அதன் கூட்டாளிகளையும் நாற்றாக நட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை ஹெக்டேர் பச்சையானது என்ற கணக்கோடு, எந்தெந்தச் செடி வந்தது, எது வரவில்லை என்ற பட்டியலும் ஒவ்வொரு அறிக்கையிலும் இருக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். அந்தப் பட்டியலை எழுத யாராவது சேற்றில் இறங்கி, இலையைப் பிரித்து, நாக்கு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.